தழும்பில்லாத கால்

1

சனிக்கிழமை, ஆகஸ்ட் 1986. காலையில் மழை, பிற்பகலில் வெயில்.

இன்று ஒரு பொய் சொன்னேன். இதே பொய்யைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் சொல்லியிருந்தால் ஒரு குதிரை பிழைத்திருக்கும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஆம்பூர் நண்பன் ஒருவன் கடிதத்தில் கேட்டிருந்தான்: "இன்னாப்பா, சீமைக்குப் போயி குதிரைக்குக் கால் புடிச்சு வுடறியாமே? அதுக்கு நம்ம ஊர்லயே இருந்திருக்கலாமே, இங்க ஜட்கா கம்மியா?" அவன் கேலி செய்தாலும் விஷயம் உண்மைதான். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கற்று அங்கேயே சில வருடம் வேலை பார்த்தேன். 1977இல் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் இங்கே வந்தேன். இது நடு இங்கிலாந்தில் ஷூ தைக்கும் ஊர். வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் மனிதர்களைப் பார்க்கிறேன். 1983 முதல் சனிக்கிழமைகளில் மில்ஸ் என்ற கால்நடை மருத்துவரிடம் நாய்களையும் குதிரைகளையும் பார்க்கிறேன்.

இந்நாட்டுச் சட்டப்படி, மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் என்னைப் போன்றவன் ஒரு விலங்கின் மேல் கை வைக்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் அதற்கென்று தனிப் படிவம் அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. மனிதர்களின் படிவத்தையே பயன்படுத்துகிறார்கள். அதில் கடைசி வரி 'நோயாளியின் கையொப்பம்'. முதல் மாதம் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். முழுமை பெறவில்லை என்று ஏழு படிவங்கள் திரும்பி வந்தன. பிறகு ஒவ்வொன்றிலும் 'இயலாது' என்று எழுதத் தொடங்கினேன். அதற்குப் பின் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

ஒரு குதிரைக்கு முன்னங்காலில் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தேன். எலும்புகளை எண்ணிப் பார்த்தால் அது மணிக்கட்டுதான். இங்கே அதை முழங்கால் என்கிறார்கள். படிவங்களைச் சரிபார்க்கும் அலுவலகப் பெண் சிவப்பு மையில் எழுதி அனுப்பினாள்: 'குதிரைகளுக்கு மணிக்கட்டு கிடையாது. உங்கள் நாட்டில் எப்படியோ தெரியாது.' அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2

நாய்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. அவற்றின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. குட்டைக் காலும் நீண்ட முதுகுமாக ஒரு ஜாதி நாய் இருக்கிறது. அழகு என்று மனிதர்கள் அதை அப்படியே இனம் பெருக்கி வளர்த்ததில், ஐந்து வயதில் முதுகெலும்பு நழுவிப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருகிறது. உடம்பை இப்படிக் கோணலாக்கியவர்களே கண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைக்கிறார்கள். போன வாரம் வந்த ஓர் அம்மாள், நாய் தன் வாயை நக்குவதைத் தடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கள் கையைக் கழுவிவிட்டீர்கள் அல்லவா?"

கழுவியிருந்தேன். அவள் பார்க்க இன்னொரு முறை கழுவினேன்.

அந்த நாய்க்கு அதே வாரத்தில் முறை கிடைத்தது. நாற்பது வருடம் தோல் வெட்டி விரல் மடங்கிப்போன ஒரு கிழவர், என் ஆஸ்பத்திரியில் அதே சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். ஆம்பூரில் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடும் தொழிற்சாலை வாசலில் சுரண்டி எறியும் ஜவ்வைத் தின்று கொழுத்துக் கிடக்கும் நாய்களை நினைத்துக்கொண்டேன். அவற்றை யாரும் கொஞ்சியதில்லை. அழகுக்காக யாரும் அவற்றின் முதுகை ஒடித்ததும் இல்லை.

3

1974 நவம்பரில் நான் ஆம்பூரில் இருந்தேன். தினமும் வேலூருக்குப் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் தெருக் கோடியில் மஸ்தான் பாய் இருந்தார். அவரிடம் மோத்தி என்று ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு வண்டி. தோல் மண்டியிலிருந்து தோல் ஷாப்புகளுக்கு உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு. மண்டியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. வரிசையில் நம்பர் இருந்தால் சோறு, போனால் போனதுதான்.

அந்த மாதம் இரண்டாம் வாரம் மோத்தி இடது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. காலின் பின்புறத் தசைநார் வில்லைப் போலப் புடைத்திருந்தது. வேலூருக்கு அந்தப்புறம் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து கோவிந்தன் என்ற வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் சூடு போடுவதில் பேர்போன ஆள். சாக்கில் சுற்றிய இரும்புக் கம்பிகளோடு வந்தார்.

"மூணு கோடு இழுத்தா போதும் பாய். மூணு மாசம் கட்டிப் போடு. அப்புறம் பாரு, குதிர காத்தாப் போவும்."

நான் குறுக்கே போனேன். எனக்கு இருபத்தெட்டு வயது. படித்த திமிர் என்று இப்போது சொல்வேன். "இந்தக் காட்டுமிராண்டித்தனம் எல்லாம் வேணாம் பாய். ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்குச் செய்யறதையே நான் செய்யறேன். பச்சைத் தண்ணி, கட்டு, நீவல், கொஞ்சம் கொஞ்சமா நடை. பன்னண்டு வாரம் வண்டி கூடாது, அவ்வளவுதான்."

"தழும்பு வராதா சார்?" மஸ்தான் பாய் கேட்டார்.

"ஒரு பொட்டுகூட வராது."

கோவிந்தன் சிரித்தார். "தழும்பு வராத வைத்தியத்த எவன் சார் நம்புவான்?" என்று கம்பிகளைச் சாக்கில் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. அது எனக்குத் தெரியும், ஆனால் அதன் பொருள் அப்போது புரியவில்லை. சூடு போட்ட குதிரையின் வண்டிக்காரனை மூன்று மாதம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். தோல் மலைபோல் குவிந்தாலும் சரி. "சூட்டுக் கால்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேஸ்திரி மறு பேச்சுப் பேசமாட்டார். பாவம் என்பார்கள், விடுவார்கள்.

அந்த வழக்கத்தில் சூட்டுக்குத்தான் இடம் இருந்தது. என் பச்சைத் தண்ணீருக்கு இல்லை.

நான் ஒழுங்காகத்தான் செய்தேன். காலையில் பஸ்ஸுக்கு முன் அரை மணி, மாலையில் வந்ததும் அரை மணி. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவோம், பழைய சேலைக் கிழிசலில் கட்டுவோம். வாரவாரம் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டவணை எழுதி மஸ்தான் பாய் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு அது உறைக்கவும் இல்லை. நான்காம் வாரம் முதல் பாலாற்றங்கரைக் கெட்டித் தரையில் மோத்தியைக் கையில் பிடித்து நடத்தினோம். ஆறாம் வாரம் என் நாட்குறிப்பில் எழுதினேன்: 'மோத்தி, இடது முன்னங்கால். வீக்கம் இல்லை. காயம் இல்லை. தழும்பு இல்லை.' மூன்றாவதின் கீழ் கோடு போட்டிருக்கிறேன்.

4

அந்த ஆண்டு பக்ரீத் டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது. பக்ரீத்துக்கு மறுநாள் முதல் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத் தோலெல்லாம் வந்து இறங்கும். உப்பு கம்மி, வண்டி கம்மி, ஆள் கம்மி. ஒரு நாள் தாமதித்தால் தோல் நாறிப்போகும்.

மண்டி மேஸ்திரி நேராக மஸ்தான் பாய் வாசலுக்கே வந்தார். எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு. குதிரைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாய், ஒண்ணரை மாசமா மாமியார் வூட்டுக்கு வந்தவன் கணக்கா ஒக்காந்துக்கினு கீறே?"

"குதிர கால் பேஜார் மேஸ்திரி. இன்னும் ஆறு வாரம் ஆவும்."

"சூடு எங்க?"

"சூடு போடல. இவரு ஆஸ்பத்திரி சாரு. இவருதான் பாத்துக்கறாரு."

மேஸ்திரி குனிந்து காலைத் தடவினார். தோல் பார்த்துத் தரம் சொல்லும் விரல்கள். மேலிருந்து குளம்புவரை இரண்டு முறை தடவினார்.

"சார், நீங்க படிச்சவரு, பொய் சொல்லமாட்டீங்க. இந்தக் கால்ல காயம் எங்க கீது? காட்டுங்க."

நான் சொன்னேன்: "காயம் ஒண்ணும் இல்லை. வீக்கமும் வத்திட்டுது. ஆனா உள்ளே இருக்கிற தசைநார் இன்னும்..."

"அவ்ளோதான் சார். ஒண்ணும் இல்லேன்னு நீங்களே சொல்லிட்டீங்க." என்னை விட்டுத் திரும்பினார். "பாய், வண்டியப் பூட்டறியா, இல்ல உன் நம்பர வேற ஆளுக்குக் குடுக்கட்டா?"

என் வாக்கியத்தின் இரண்டாம் பாதி அப்படியே நின்றது. முதல் பாதியில் பெருமை இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். தழும்பில்லாத என் கைவேலையை அந்த மேஸ்திரியும் மெச்ச வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன்.

மஸ்தான் பாய் என்னைப் பார்த்தார். "சார், ரெண்டு மூணு நாளு. லோடு கம்மியா ஏத்திக்கறேன். போலாமா?"

கூடாது என்று சொல்லவில்லை. "மெதுவா ஓட்டுங்க பாய்" என்றேன்.

மூன்றாம் நாள், ரயில்வே கேட்டுக்கு முன்னால் மேட்டில் ஏறும்போது தசைநார் அறுந்தது. நான் ஓடிப் போனபோது மோத்தி மண்டியிட்டதுபோல் கிடந்தது. குளம்பின் நுனி மேல்நோக்கி மடிந்திருந்தது. வண்டி சாய்ந்து பச்சைத் தோல்கள் தெருவில் சரிந்து, உப்புத் தண்ணீர் ஓடியது. நான்கைந்து பேர் ஓடிவந்தார்கள். "டேய், தோலு மண்ணாவுது, தூக்குடா!" என்று ஒருவன் கத்தினான். எல்லாத் தோலையும் தூக்கி, உதறி, வேறு வண்டியில் ஏற்றி முடித்த பிறகுதான் குதிரையை வண்டிச் சட்டத்திலிருந்து அவிழ்த்தார்கள். அதுவரை அது எழ முயன்றுகொண்டே இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு லாரி வந்து மோத்தியை ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுகிறவன், அந்த நாளின் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மஸ்தான் பாயின் நம்பர் வேறு ஆளுக்குப் போயிற்று. பிறகு அவர் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனார். தெருவில் பார்த்தால் "நல்லா கீறீங்களா சார்?" என்று முதலில் அவரே கேட்பார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து வேலூர் பஸ் ஸ்டாண்டில் கோவிந்தனைப் பார்த்தேன். அணைக்கட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"நான் போடற சூடு குதிரைக்குன்னா நெனச்சீங்க சார்? அது மேஸ்திரிக்கு. குதிரைக்கு மருந்து அந்த மூணு மாசந்தான். புண்ணு கண்ணுல தெரிஞ்சாத்தான் மனுசன் மூணு மாசம் சும்மா வுடுவான். இல்லாங்காட்டி வுடுவானா?"

அயோக்கியத்தனத்துக்குச் சாக்கு என்று நினைத்தேன். ஆம்பூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.

5

மகள் கிரேஸுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். இரண்டு வருடம் முன்புவரை 'நம்ம ஊரு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது அது 'உங்க ஊரு' ஆயிற்று என்று தேதி குறிக்கத் தவறிவிட்டேன். இந்த வசந்தத்தில் பள்ளியிலிருந்து ஒரு துண்டறிக்கை கொண்டுவந்தாள். வெப்ப நாடுகளில் வதைபடும் விலங்குகளுக்கு உதவி கேட்கும் அறிக்கை. அதில் ஒரு காளையின் படம். தொடையில் சூட்டுத் தழும்புகள்.

"அப்பா, இது உங்க ஊர்லயா? உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?"

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

அதற்கு மறுவாரம் ரோஸ் வந்தது. பழுப்பு நிறப் பந்தயக் குதிரை, பெண். இடது முன்னங்கால், பின்புறத் தசைநார். மோத்திக்கு இருந்த அதே இடம். அதன் சொந்தக்காரர் பெல் இந்த ஊரில் ஷூ தொழிற்சாலை முதலாளி. என் ஊரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஆம்பூரா! உங்கள் பக்கத்துத் தோலை நாங்கள் வாங்குகிறோம். நல்ல தோல்தான். ஆனால் மாட்டுக்குச் சூடு போட்டே பாழாக்கிவிடுகிறீர்கள். தழும்பு பட்ட இடத்தை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. விலங்குகளை இப்படியா நடத்துவது?"

அதே மூச்சில் மில்ஸ் பக்கம் திரும்பி, "இவளுக்குச் சூடு போட்டுவிடுங்கள். என் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம்" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. சரியாகத்தான் கேட்டிருந்தது. மில்ஸின் அலமாரியில் சூடு போடும் இரும்பு இருந்தது. மரக் கைப்பிடி, கண்ணாடிபோல் துடைத்த முனை, வைக்கத் தோல் உறை. மயக்க ஊசி போட்டுத்தான் செய்வோம் என்றார். இந்நாட்டு மருத்துவர்களில் பலர் இதை எதிர்க்கிறார்கள் என்றும், தனக்கும் பிடிக்காது என்றும், ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்றும் சொன்னார். பெல் போன பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"குதிரையைக் குணமாக்குவது இரும்பு இல்லை, ஓய்வுதான். ஆனால் காலில் ஒன்றும் தெரியாவிட்டால் இந்த மனிதர் ஆறே வாரத்தில் ஓட்டிவிடுவார். சுட்டால்தான் காத்திருப்பார்."

அணைக்கட்டு பஸ்ஸுக்கு நின்ற மனிதன் சாக்குக் கட்டோடு என் எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது. ஒன்பது வருடமாக இந்த நாட்டோடு ஒப்பிட்டு நம் ஊருக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். அன்று அப்படி வெட்கப்பட்டதற்கே வெட்கப்பட்டேன்.

மில்ஸிடம் சொன்னேன்: "கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? குளம்பிலிருந்து மேல்வரை மலைப்பாம்பு மாதிரி ஒரு கட்டுப் போடுவோம். மேலே தார் மருந்து பூசுவோம். பெல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும்."

மில்ஸ் இரும்பை உறைக்குள் போட்டார்.

நான்கு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. கட்டை அவிழ்ப்போம், தண்ணீர் விடுவோம், நீவுவோம், மின் கருவி வைப்போம், நடத்துவோம், மறுபடி கட்டுவோம். பெல் வந்து பார்க்கும் நாளில் கட்டும் நாற்றமும் தயாராக இருக்கும். "இதுதான் வைத்தியம்" என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திருப்தியாகப் போவார். கட்டுக்குள் சூட்டுப் புண் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

6

இன்று கேட்டார்.

சொல்லாமல் வந்துவிட்டார். லாயத்தில் கட்டை அவிழ்த்து வைத்திருந்தோம். கிரேஸும் என்னோடு வந்திருந்தாள். குதிரை என்றால் தமிழ்கூடப் பேசுவாள். பெல் சுத்தமான காலைப் பார்த்து நின்றார். குனிந்து மேலிருந்து குளம்புவரை தடவினார். அதே தோல்காரர் விரல்கள், இரண்டு முறை.

"முதல் தரம். ஒரு கீறல் இல்லை. சூடு இல்லாமலே ஆறிவிட்டதே! அப்படியானால் செப்டம்பர் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிடலாமே?"

மில்ஸ் தசைநாரைப் பற்றி, உள்ளே இன்னும் முற்றாத இழைகளைப் பற்றி, அடுத்த வசந்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பெல் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"டாக்டர் சுற்றி வளைக்கிறார். வாரவாரம் தொட்டுப் பார்க்கிறவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள். இந்தக் காலில் காயம் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது" என்றேன்.

"எங்கே? காட்டுங்கள்."

மண்டியிட்டேன். தசைநாரை விட்டு ஒதுங்கி, தோல் மெல்லியதாக இருக்கும் இடமாகப் பார்த்து, என் உடம்பு மறைக்கும்படி சாய்ந்து, கட்டைவிரல் நகத்தை அழுத்தித் திருகினேன். ரோஸ் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. காதுகளை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான்கு மாதத்தில் அது என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அடடா, பாவம்" என்றார் பெல். உண்மையாகவே அவர் முகம் வாடியது. "சரி, சரி. கட்டுப் போடுங்கள். அடுத்த வசந்தம் என்றால் அடுத்த வசந்தம்."

தாரைப் பூசிக் கட்டினோம்.

காரில் கிரேஸ் தமிழிலேயே சொன்னாள்: "நீங்க அதக் கிள்ளினீங்க. நான் பாத்தேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மோத்தி, மஸ்தான் பாய், கோவிந்தனின் கம்பிகள், மேஸ்திரி கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், ரயில்வே கேட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இதற்குமுன் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. குறுக்கே பேசாமல் கேட்டாள். நம்ம ஊர் என்றோ உங்க ஊர் என்றோ ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த மேஸ்திரி முன்னாடியும் கிள்ளியிருக்கலாமே, அப்பா."

"கிள்ளியிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். தார் நாற்றம் இன்னும் போகவில்லை. நாட்குறிப்பை எடுத்து இன்றைய பக்கத்தில் எழுதினேன்: 'ரோஸ், இடது முன்னங்கால். வீக்கம் இல்லை. காயம் இல்லை. ஒரு நகக்குறி, என்னுடையது.'